சேர்க்கை எண்ணோடு முடிவதில்லை

நூலகத்துக்குக் கட்டுரை நூல்களைத் தேர்வு செய்ய அமரும்போது நம் கண் முதலில் ஆசிரியர் பெயரைத் தேடுகிறது. அடுத்து பதிப்பகம், பிறகு விலை. பட்டியல்கள் குவிந்து, கெடுவும் நெருங்கிவிட்டால் அதற்கு மேல் பார்க்க யாருக்கும் நேரம் வாய்ப்பதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் உலகெங்கும் விற்றுத் தீர்ந்த சில அறிவியல் நூல்களுக்கு நேர்ந்ததைப் பார்த்தால், பெயரும் பதிப்பகமும் போதிய சான்று ஆகா என்பது விளங்கும்.

டேனியல் கானமன் 2002-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். அவருடைய ‘திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ’ 2011-இல் வெளிவந்தது. முதுமையை நினைவூட்டும் சொற்களைப் படித்த மாணவர்கள் அதன் பிறகு மெதுவாக நடந்தார்கள் என்பது போன்ற ஆய்வுகளை அதன் நான்காம் அத்தியாயம் நம்பியிருக்கிறது. 2012-இல் பெல்ஜியக் குழு ஒன்று அதே சோதனையைத் திரும்பச் செய்து, நடையின் நேரத்தைக் கருவியால் அளந்தபோது அந்த விளைவு தென்படவில்லை. மிகக் குறைவான பேரை வைத்துச் செய்த ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டதாக 2017-இல் கானமனே ஒப்புக்கொண்டார். இதனால் முழு நூலும் வீணாகிவிடவில்லை. ஏமஸ் ட்வெர்ஸ்கியுடன் சேர்ந்து 1979-இல் அவர் முன்வைத்த கோட்பாட்டை விளக்கும் பகுதிகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. ஆனால் நம் அடுக்கில் இருக்கும் 2011-ஆம் ஆண்டுப் படிக்கு இந்தச் செய்தி எதுவும் தெரியாது; அதை இரவல் வாங்கிப் போகும் வாசகருக்கும் தெரியாது.

மேத்யூ வாக்கரின் ‘ஒய் வீ ஸ்லீப்’ (2017) வேறு வகை. உறக்கம் குறைந்தால் இளம் விளையாட்டு வீரர்களுக்குக் காயம் கூடும் என்று காட்ட ஒரு வரைபடம் தரப்பட்டிருந்தது. மூல ஆய்வில் ஐந்து மணி நேரம் உறங்குவோருக்கும் ஒரு பட்டை உண்டு. அது ஆறு மணி நேரத்தின் பட்டையைவிடக் குட்டையானது. நூலில் அந்தப் பட்டையே இல்லை. எந்த ஆய்விலிருந்து எடுத்தது என்று தெரிந்ததால்தான், மூலத்தைத் தேடிப்போன வாசகர்களால் இதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

இங்கேதான் நமக்கான அளவுகோல் கிடைக்கிறது. நூல் சொல்வது சரியா என்று ஒவ்வொரு துறையிலும் தீர்ப்புச் சொல்ல நூலகரால் முடியாது. அது நம் வேலையும் அல்ல. தன்னைச் சரிபார்க்க அந்த நூல் வழிவிடுகிறதா என்பதை மட்டும் நம்மால் உறுதியாகச் சொல்ல முடியும். ரேச்சல் கார்சன் 1962-இல் ‘சைலன்ட் ஸ்பிரிங்’ எழுதியபோது, இறுதியில் பல பக்கங்களுக்கு ஆதாரங்களைத் தொகுத்துக் கொடுத்தார். பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் அவரைக் கடுமையாகத் தாக்கின. மறு ஆண்டு அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு அளித்த அறிக்கை, பெரும்பாலும் அவர் பக்கமே நின்றது.

தேர்வின்போது ஒரு நூலுக்குப் பத்து நிமிடம் ஒதுக்கினால் போதும். வியப்பூட்டும் ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு, அது எங்கிருந்து வந்தது என்று நூலுக்குள்ளேயே தேடுங்கள். தன் வாதத்துக்கு எதிரான சான்று எதையாவது ஆசிரியர் எடுத்துப் பேசுகிறாரா என்று பாருங்கள். பதிப்பு ஆண்டையும் மறுஅச்சு ஆண்டையும் பிரித்துப் படியுங்கள். மொழிபெயர்ப்பு என்றால் இன்னொரு கேள்வி: மூலத்தின் குறிப்புகளும் சொல்லடைவும் தமிழில் வந்திருக்கின்றனவா? பக்கத்தைக் குறைக்க இவற்றை வெட்டிவிடும் பதிப்புகள் உண்டு. அப்படி வெட்டிய நூலில் ஆசிரியரின் முடிவுகள் மட்டுமே எஞ்சும். வாசகர் அவற்றை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. நூலக ஆணைக்கு நூல்களைப் பரிந்துரைக்கும் குழுக்கள் இதை ஒரு நிபந்தனையாகவே வைக்கலாம்.

வாங்கியதோடும் கடமை தீராது. மருத்துவ அடுக்கை எடுத்துக்கொள்வோம். 2017-இல் அமெரிக்க இதயநோய் அமைப்புகள் உயர் ரத்த அழுத்தத்தின் வரம்பை 140/90-இலிருந்து 130/80-ஆக இறக்கின. அதற்கு முன் வந்த நூல் எழுதப்பட்ட நாளில் பிழையற்றது. இன்று அதைப் படிப்பவருக்கு இந்த மாற்றம் தெரிந்தாக வேண்டும். கிழிந்த நூலைக் கழிவு செய்ய நம்மிடம் நடைமுறை இருக்கிறது. காலாவதியான நூலுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

எல்லாவற்றையும் கழித்துவிடவும் கூடாது. கானமன் நூலைப் போன்றவற்றில், எந்த அத்தியாயம் பின்னர் கேள்விக்குள்ளானது என்று ஒரு சிறு சீட்டு ஒட்டினால் போதும். வாசகரை முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்க்கும் சீட்டுகளை அமெரிக்க நூலகச் சங்கம் தணிக்கையாகவே கருதுகிறது. அந்த எச்சரிக்கை நியாயமானது. ஆகவே நாம் ஒட்டும் சீட்டில் ஆசிரியரின் கொள்கை பற்றி ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. நூல் வந்த பிறகு ஆசிரியரோ பதிப்பகமோ செய்த திருத்தம், திரும்பச் செய்த ஆய்வின் முடிவு, அதன் ஆண்டு: இவை மட்டும் இடம்பெறட்டும்.

எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்கச் சொல்கிறது. நூலை விரைவாக எடுத்துக் கொடுப்பதோடு அந்த விதியை நிறுத்திக்கொண்டோம். தவறான தகவலை நம்பி வாசகர் இழக்கும் நேரமும் அதில் அடங்கும். ஒவ்வொரு நூலகமும் இந்த ஆண்டு மிகுதியாக இரவல் போகும் இருபது கட்டுரை நூல்களை எடுத்துச் சரிபார்க்கட்டும். கண்டதை அண்டை நூலகங்களோடு பகிர்ந்துகொண்டால் ஒரே வேலையை அவர்கள் மறுபடி செய்ய வேண்டியிராது.