அழைக்குமுன் செவிமடுப்போம்

நேபாளத்தின் காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் நெடுங்காலம் கல்விப்பணியாற்றி 1992-இல் இறைவனடி சேர்ந்த சேசு சபைக் குரு மார்ஷல் மோரன் அடிகளாரை, உலகெங்குமுள்ள அமெச்சூர் வானொலியர் '9 என் 1 எம் எம்' என்னும் அழைப்புக்குறியால் அறிந்திருந்தனர். ஊதியம் கருதாது, அரசின் உரிமம் பெற்று, சொந்த வானொலி நிலையத்தின் வழியே தொலைவிலுள்ளோருடன் உரையாடுவோரே அமெச்சூர் வானொலியர். மோரன் அடிகளாருடன் பேச விழைந்தவர் உரிய வேளையறிந்து, உரிய அலைவரிசையைத் தேடி, பொறுமையோடு திரும்பத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது.

ஏன் இத்துணைத் தொல்லை? சிற்றலைகள் பூமிக்கு மேலே ஏறத்தாழ 100 முதல் 400 கிலோமீட்டர் உயரத்திலுள்ள அயனி மண்டலத்தால் வளைக்கப்பட்டுத் தரைக்குத் திரும்புகின்றன; அதனாலேயே அவை கடல்களையும் கடந்து செல்கின்றன. ஆனால் அம்மண்டலமோ கதிரவனின் போக்கிற்கேற்ப மாறிக்கொண்டே இருப்பது. பகலில் தெளிவாகக் கேட்கும் அலைவரிசை இரவில் ஊமையாகிவிடும். கதிரவனின் ஏறத்தாழ 11 ஆண்டுச் சுழற்சியும் இதில் பங்கு கொள்கிறது. அனுபவம் முதிர்ந்தவரே வானின் போக்கறிந்து அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பார்.

அவ்வனுபவத்தின் ஒரு பகுதியைக் கருவியிடம் ஒப்படைப்பதே தானியங்கி அழைப்பு முறையாகும். இதற்கான விதிகளை 1988-இல் அமெரிக்க இராணுவம் வகுத்து வெளியிட்டது. 2000-ஆம் ஆண்டையொட்டி, வீட்டுக் கணிப்பொறியைக் கொண்டே இம்முறையை இயக்கும் மென்பொருள் அமெச்சூர் வானொலியரின் கைக்கும் எட்டியது.

இதன் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியதே. நிலையம் ஒவ்வொன்றும் குறித்த சில அலைவரிசைகளை, நொடிக்கு இரண்டு அல்லது ஐந்து வீதம், மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருக்கும். அவ்வப்போது தன் பெயரையும் ஒலிபரப்பும். அதைக் கேட்கும் பிற நிலையங்கள், எந்த அலைவரிசையில் அது எவ்வளவு தெளிவாக வந்தது என்று குறித்து வைத்துக்கொள்ளும். அழைக்கும் வேளை வரும்போது, இக்குறிப்பைக் கொண்டு மிகச் சிறந்த அலைவரிசையைக் கருவியே தெரிவு செய்து, அழைக்கப்படுவோரின் பெயரை அனுப்பும். 750 முதல் 2500 ஹெர்ட்ஸ் வரையுள்ள எட்டுத் தொனிகளால் ஆன செய்தி இது. இரைச்சலில் சிதையாதிருக்க ஒவ்வொரு சொல்லும் மும்முறை அனுப்பப்படுகிறது. மறுமுனை விடையளிக்கும், அழைத்தவர் அவ்விடையைப் பெற்றதாக உறுதி கூறுவார். அழைப்பு, விடை, உறுதி ஆகிய மூன்றும் நிறைவேறினாலன்றி இணைப்பு ஏற்பட்டதாகக் கொள்வதில்லை. விடை வராவிடில் கருவி அடுத்த அலைவரிசையை நாடும்.

இதன் பயனை இடர்க்காலத்தில் உணரலாம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, போர்ட் பிளேரில் தங்கியிருந்த இந்திய அமெச்சூர் வானொலியர், தொலைபேசித் தொடர்பு அறுந்த நிலையிலும் அங்கிருந்தோரின் நலச்செய்திகளை வெளியுலகிற்கு அனுப்பினர். அவர்கள் தாமே அமர்ந்து இயக்கியவர்கள். ஆயினும் இத்தகைய நள்ளிரவு அழைப்பொன்றை, உறங்குபவரின் மேசையில் விழித்திருக்கும் கருவி கேட்டு மணியடித்து எழுப்புமாயின், அது எத்துணைப் பேருதவி!

எனினும் ஓர் எச்சரிக்கை உண்டு. பேசுமுன் அவ்வலைவரிசையில் வேறொருவர் பேசுகிறாரா என்று செவிமடுப்பது அமெச்சூர் வானொலியரின் முதல் ஒழுக்கம். தன் எட்டுத் தொனிகளை நன்கறியும் கருவி, மெலிந்து வரும் மனிதக் குரலையோ மோர்ஸ் ஒலியையோ கவனியாது விடக்கூடும். மேலும், நம் கருவிக்குக் கேளாத ஒருவர் மறுமுனையில் உரையாடிக்கொண்டிருக்கவும் கூடும். அவர் அத்தருணத்தில் உதவி வேண்டி அழைப்பவராயிருப்பின், நம் தானியங்கி ஒலி அக்குரலை மூழ்கடித்துவிடும் அன்றோ? ஆதலால் கருவியை இயங்கவிட்டு அகன்றவரும் பொறுப்பினின்று அகன்றவராகார். அது அனுப்பும் ஒவ்வோர் ஒலிக்கும் உரிமம் பெற்றவரே விடை கூறக் கடமைப்பட்டவர்.

வானொலி உரிமம் பெற விழையும் நம் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே: அழைக்கும் வேலையைக் கருவிக்குத் தாருங்கள்; பிறர் குரலுக்குச் செவிசாய்க்கும் கடமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.