தைப்பூசப் பயணமும் தள்ளிப்போடும் மாத்திரையும்

"பத்துமலைத் தைப்பூசத்திற்குப் பஸ்ஸில் இடம் சொல்லியாகிவிட்டது. என் மகளுக்குத் தேதி சரியாக அன்றுதான் வருகிறது. பக்கத்து வீட்டு அக்கா, தம்மிடம் மிச்சமுள்ள மாத்திரையைத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?" என்று உலு திராமிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள், அம்மா. மாத்திரை நல்லதுதான். ஆனால் உங்கள் மகளுக்கு அது ஒத்துவருமா என்று அந்த அக்காவால் சொல்ல முடியாது.

மருத்துவர்கள் இதற்கு வழக்கமாகக் கொடுப்பது நோரெத்திஸ்டெரோன். 1951-ல் மெக்சிக்கோவில், ஒருவகைக் காட்டு வள்ளிக்கிழங்கின் சத்திலிருந்து செய்யப்பட்டது. கர்ப்பப்பையின் உட்சவ்வு உதிராமல் தாங்கிப் பிடிப்பது நம் உடம்பிலேயே சுரக்கும் ஒரு சத்து. அது குறைந்ததும் விலக்கு வருகிறது. மாத்திரை அந்தச் சத்தின் வேலையைச் செய்கிறது. தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, 5 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை சாப்பிடச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் விலக்கு வந்துவிடும். புறப்படும் நாளில் அவசரமாக விழுங்கினால் பலன் இராது.

இதற்கு ஒரு ஆபத்தும் உண்டு. அரிதுதான், ஆனால் கொடியது. 2025-ல் இந்தியாவில் இரத்தநாள மருத்துவர் ஒருவர் வெளியே சொன்ன சம்பவம் இது. வீட்டுப் பூஜைக்காக மாத்திரை சாப்பிட்ட 18 வயதுப் பெண்ணுக்குக் காலிலும் தொடையிலும் வலி, வீக்கம். இரத்தம் உறைந்து தொப்புள் வரை கட்டியிருந்தது. உடனே சேர்க்கச் சொன்னார் மருத்துவர். காலையில் பார்க்கலாம் என்றார் தகப்பனார். அன்றிரவே அந்தப் பெண் போய்விட்டாள்.

ஆகவே, குடும்பத்தில் யாருக்காவது இரத்தம் உறைந்த நோய் இருந்ததா, ஈரல் கோளாறு, மார்பில் கட்டி, காரணம் தெரியாத இரத்தப்போக்கு உண்டா என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கக்கூடியவர்கள் தொடவே கூடாது. இந்த மாத்திரை கருத்தடையும் ஆகாது. கல்யாணமான சகோதரிகள் இதைக் கவனிக்க வேண்டும். பஸ்ஸில் பல மணி நேரம் காலைத் தொங்கப்போட்டு உட்காராமல், நிற்கும் இடத்திலெல்லாம் இறங்கி நடக்கட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ கோயிலை விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

தீட்டு உண்டா இல்லையா என்ற வழக்கில் நான் நுழையவில்லை. மேல்மருவத்தூரில் அந்த நாட்களிலும் பெண்கள் வழிபடுகிறார்கள் என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன். உங்கள் மகளுக்குப் போக விருப்பமா, தள்ளிப்போட விருப்பமா என்று அவளையே கேட்டீர்களா?

மூன்று மாதத் தேதிகளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு, பயணத்திற்கு இரண்டு வாரம் முன்பே கிளினிக்குக்குப் போங்கள். உள்ளே போனதும் மருத்துவரிடம் மகள் தனியாகப் பேச ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, நீங்கள் வெளியே உட்காருங்கள்.