போனஸ் புள்ளிக்கு யாரும் உள்ளே வருவதில்லை



ஆடி 17, 18 வந்துவிட்டால் கொல்லிமலை செம்மேட்டில் வல்வில் ஓரி விழா. கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரியின் நினைவாக அரசு எடுக்கும் விழா. வில்வித்தைப் போட்டியும் நடக்கும். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய் அதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி. ஓரியின் மலையில் முதல் மரியாதை வில்லுக்குத்தான். ஆனால், படித்து முடித்து வேலை தேடி மலையிறங்கும் தம்பி தங்கைகளிடம் இந்த மாதம் நான் பேச நினைப்பது கபடியைப் பற்றி. வில்லாளி தனியாக நின்று குறிபார்க்கிறார். வேலைக்குப் போகிறவருக்கு அந்த வசதி இல்லை. சுற்றிலும் ஆட்கள் இருப்பார்கள்.

கபடியில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் ஒரு விதி. கிரிக்கெட்டில் அவுட்டானவர் அவுட்தான். கால்பந்தில் சிவப்பு அட்டை வாங்கியவர் அன்றைக்கு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். கபடியில் அப்படியில்லை. வெளியே போய் உட்கார்ந்தவர் திரும்பி வரலாம். ஆனால் தானாக வர முடியாது. பாடிப்போன அணிக்காரர் எதிராளியைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அல்லது பாடி வந்தவரைக் களத்தில் இருப்பவர்கள் சேர்ந்து மடக்க வேண்டும். அப்போதுதான் அவருக்கு வழி. முதலில் வெளியேறியவர் முதலில் உள்ளே வருவார். புள்ளி எடுத்தது ஒருவர், உயிர்பெற்றது இன்னொருவர்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. எதிரணியில் ஆறு பேராவது நிற்கும்போது, போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்துத் திரும்பினால் ஒரு புள்ளி கிடைக்கும். பலகையில் எண் ஏறும். ஆனால் அந்தப் புள்ளிக்கு வெளியே இருக்கும் யாரும் உள்ளே வர முடியாது. போனஸை நான் குறைத்துப் பேசவில்லை. ஒரே புள்ளியில் முடிவான ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. ஆனால் போனஸ் மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தால், பாதி அணி கோட்டுக்கு வெளியே உட்கார்ந்தே இருக்கும்.

வேலையிலும் இரண்டு விதமான புள்ளிகள் இருக்கின்றன. சம்பள உயர்வு, பாராட்டுக் கடிதம், பதவி எல்லாம் நமக்கு வேண்டியவைதான், உழைத்து வாங்குங்கள். ஆனால் பிள்ளை பெற்று விடுப்பு முடிந்து வந்தவர், ஒரு தவறுக்குப் பிறகு ஒதுக்கப்பட்டவர், ஆங்கிலம் சரளமாக வராததால் கூட்டத்தில் வாய் திறக்காதவர் என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் கோட்டுக்கு வெளியே சிலர் உட்கார்ந்திருக்கிறார்கள். நீங்கள் முடித்த வேலையால் இவர்களில் ஒருவராவது உள்ளே வந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஆடுகிறவரை மேலதிகாரி மறுநாளே கண்டுகொள்வார் என்று நான் உறுதி சொல்லமாட்டேன். பல இடங்களில் நாளாகும். ஆனால் உங்களுக்கு ஒரு சறுக்கல் வரும்போது உங்களுக்காகப் பாடிப்போக ஆள் இருக்கும்.

கிரிக்கெட் வீரர் நடராஜனின் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். பக்கத்து சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டிக்காரர். டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்தவரைச் சென்னைக்கு அனுப்பிவைத்தவர் அதே ஊர் ஜெயப்பிரகாஷ். 2015-இல் தமிழக ரஞ்சி அணிக்குள் நுழைந்த கையோடு பந்துவீசும் முறையில் சந்தேகம் எழுப்பப்பட்டது. வெளியே உட்கார வேண்டியதாயிற்று. சென்னையில் பயிற்சியாளர்கள் கூட நின்று கையைச் சரிசெய்தார்கள். 2016-இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) வழியாக மீண்டும் களம். 2020-இல் வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராக ஆஸ்திரேலியா போனவர், மூத்த பந்துவீச்சாளர்கள் காயத்தால் ஒவ்வொருவராக விலக, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட் வரைக்கும் போய்விட்டார். ஆஸ்திரேலியா 32 ஆண்டுகளாகத் தோற்காத அந்த மைதானத்தில் இந்தியா வென்றது.

நடராஜன் தன் சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்று ஜெயப்பிரகாஷின் பெயரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஆடினார். அது நன்றி. அதைவிடப் பெரிதாக நான் நினைப்பது, 2023-இல் சின்னப்பம்பட்டியில் திறக்கப்பட்ட, அவர் அமைத்த கிரிக்கெட் மைதானத்தை. இந்தியாவுக்காக ஆடியவர் தன் ஊர்ப் பிள்ளைகள் உள்ளே வர ஒரு வழி போட்டிருக்கிறார்.

கொல்லிமலையிலேயே இப்படிச் சேர்ந்து ஆடியவர்கள் இருக்கிறார்கள், களம்தான் வேறு. சாமையும் தினையும் விளைந்தாலும் அவற்றின் உமி நீக்குவது பெண்களின் முதுகை ஒடிக்கும் வேலை. மரவள்ளி பரவியதும் சிறுதானிய நிலம் சுருங்கியது. 1990-களிலிருந்து எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே வேலை செய்தது. ஊர்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. அவற்றை மகளிர் சுய உதவிக் குழுக்களே நடத்தின. தனியாக ஒரு பெண்ணால் வாங்கவோ ஓட்டவோ முடியாத இயந்திரம் அது.

மலையிறங்கி வேலையில் அமர்ந்துவிட்ட அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, நீங்கள் படித்த உண்டு உறைவிடப் பள்ளிக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருங்கள். எந்தத் தேர்வு எழுதினீர்கள், முதல் மாத வாடகையை எப்படிச் சமாளித்தீர்கள், நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்று சொல்லுங்கள். கபடி ஆடும் பிள்ளைகளிடம், தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருப்பதைச் சொல்லுங்கள். பள்ளி அளவோடு நின்றுவிட்டால் அது கிடைக்காது, மாநிலம், தேசம் என்று மேலே போக வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். போய்வந்த பிறகு எங்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள். அடுத்தடுத்த இதழ்களில் அவற்றுக்கு இடம் தருகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்