சுயம்பு என்னும் மூடநம்பிக்கை

மேதை தானாகவே முளைப்பான் என்ற மூடநம்பிக்கை நம் இலக்கியச் சூழலை விட்டு இன்னும் அகலவில்லை. வியன்னாவில் பீத்தோவனிடம் பயின்ற கார்ல் செர்னி (1791–1857), லிஸ்டுக்குப் பியானோ கற்பித்தார். 1828இல், இறப்பதற்குச் சில நாட்களே இருந்தபோது, ஷூபர்ட் கவுண்டர்பாயிண்ட் கற்க ஸைமன் ஸெக்டரிடம் சென்றார். மேதையும் மாணவனாக அமர்ந்ததை அவர்கள் மறைக்கவில்லை, வரலாறாக எழுதிவைத்தார்கள்.

நாமோ இளையராஜாவைச் சுயம்பு என்கிறோம். அவருக்கு மேற்கத்திய இசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டருக்கு ஓர் அடிக்குறிப்பு, அவ்வளவே.

புளியந்தோப்பின் கானாப் பாடகனுக்கு அதுவும் இல்லை. அவன் எவரிடமும் கற்காதவன் என்பது நம் தீர்ப்பு. சாவு வீட்டில் மூத்த பாடகர் அருகே விடிய விடிய அமர்ந்து கேட்பது கல்வி இல்லையா? செவிவழிக் கல்வி மயிலாப்பூரில் குருகுலம். வடசென்னையில் மட்டும் பொழுதுபோக்கா? இதற்குப் பெயர் ரசனை அல்ல, சாதி.