மாணவரிடம் கேட்க வேண்டியது

"மாணவருக்கு என்ன தெரியும்?" என்று கல்லூரி ஆசிரியர் சிலர் வினவுவதை நாம் அடிக்கடி கேட்கிறோம். கற்பித்தலின் தரத்தைக் கற்பவரிடமே விசாரிப்பது அவர்களுக்கு இழிவாகத் தோன்றுகிறது. இவ்வெண்ணத்தை நாம் முற்றாக மறுக்கிறோம்.

1964-இல் தொடங்கப்பெற்ற குற்றாலம் பராசக்தி மகளிர் கல்லூரிக்குச் சுற்றுவட்டாரச் சிற்றூர்களிலிருந்து மாணவியர் பேருந்தேறி வருகின்றனர். தாய் பீடி சுற்றிய கூலியில் மகள் பட்டம் படிப்பது தென்காசிப் பகுதிக்குப் புதிதன்று. ஆசிரியர் ஆயத்தத்தோடு வந்தாரா, பழைய குறிப்பேட்டை வரிவரியாகச் சொல்லி எழுதவைத்தாரா, ஆங்கிலத்தில் விளங்காததைத் தமிழில் விளக்கினாரா, மதிப்பெண் குறைந்த காரணத்தைச் சொன்னாரா? இவற்றுக்கு அத்தகைய மகளைவிட நேரிய சாட்சி யார்?

ஆனால் கேட்கும் முறைதான் கேலிக்கூத்து. உயர்கல்வி நிறுவனங்களுக்குத் தரச்சான்று வழங்கும் 'நாக்' அமைப்பு 2017-இல் மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பைப் புகுத்தியது. படிவங்கள் பெருகின, பயம் குறையவில்லை. அகமதிப்பீட்டு மதிப்பெண்ணைத் தம் கையில் வைத்திருக்கும் ஆசிரியரைப்பற்றி, அவர் வகுப்பிலேயே அமர்ந்து எந்த மாணவர் உண்மை எழுதுவார்? நம் திருச்சபை நடத்தும் கல்லூரிகளும் இவ்வினாவுக்கு விலக்கல்ல.

படிவத்தின் கூட்டுத்தொகையை வேதவாக்காகக் கொள்வோர்க்கும் ஒரு சொல். அமெரிக்காவில் ஒரு நடிகரை 'டாக்டர் ஃபாக்ஸ்' என்னும் அறிஞராக அறிமுகப்படுத்தி, பொருளற்ற உரையொன்றை ஆற்றச் செய்தனர். கேட்ட மருத்துவத் துறையினரும் கல்வித் துறையினரும் அவரைப் பாராட்டியே மதிப்பிட்டனர்! அவ்வாய்வு 1973-இல் வெளிவந்தது. அந்நாட்டிலேயே 2015-இல் வெளியான மற்றோர் ஆய்வில், இணையவழி வகுப்பில் ஆண்பெயர் தாங்கியபோது ஆசிரியர் பெற்ற மதிப்பீடு பெண்பெயர் தாங்கியபோது கிட்டவில்லை. மகளிர் கல்லூரிப் பேராசிரியைகள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

குற்றாலத்தில் வாழ்ந்து 1954-இல் மறைந்த ரசிகமணி டி.கே.சி. சட்டம் பயின்றவர். அவர் கம்பன் பாடலை விளக்கக் கேட்பதற்கென்றே அன்பர்கள் தேடி வந்தனர். வருகைப் பதிவேடா அவர்களை அழைத்து வந்தது? நடிகரும் அவையைக் கவர்ந்தார், ரசிகமணியும் கவர்ந்தார் என்போர் உண்டு. கவர்ச்சியை மட்டும் அளந்தால் இருவரும் ஒன்றாகவே தெரிவர். ஆகவே, "ஆசிரியரைப் பிடித்திருக்கிறதா?" என்று கேட்பது வீண். "ஒரு புதிய பக்கத்தைத் துணையின்றிப் படித்துப் பொருள்கொள்ள இப்போது உன்னால் இயலுகிறதா? எந்த இடத்தில் தடுமாறுகிறாய்?" என்று கேட்கவேண்டும்.

அதையும் பருவ இறுதியில் கேட்டுப் பயனில்லை. அப்போது அவ்வகுப்பே கலைந்துவிடும். ஆறாம் வாரத்தில் கேளுங்கள். மாணவர் பெயரின்றி எழுதட்டும். வேறொருவர் தொகுத்துத் தரட்டும். அடுத்த வகுப்பின் முதற் பத்து நிமிடங்களில் ஆசிரியர் அவற்றுக்கு மறுமொழி கூறட்டும்.