கேள்வியே புரியலைன்னு சொல்லவும் ஒரு கட்டம் வேணும்

போன வாரம் வகுப்பில் ஒரு மாதிரிக் கேள்வித்தாள் கைமாறி வந்தது. 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கானது. அதில் ஒரு கேள்வி: "நீங்கள் ஆணா, பெண்ணா, ஓரினச்சேர்க்கையாளரா, திருநங்கையா? ஒன்றை மட்டும் டிக் செய்யவும்."

யாருக்கும் உறுத்தவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது, அதான் எழுதுகிறேன்.

தான் யார் என்பது பாலினம். யார் மேல் ஈர்ப்பு வருகிறது என்பது பாலீர்ப்பு. இரண்டும் வேறு வேறு. பெண்ணை விரும்பும் ஒரு பெண் இந்தத் தாளில் எதை டிக் செய்வாள்? எதைச் செய்தாலும் பாதி உண்மை காலி!

அமெரிக்காவில் சிடிசி என்கிற அரசு சுகாதார அமைப்பு 1991-லிருந்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் சர்வே எடுக்கிறது. அதன் தேசியத் தாளில் பாலீர்ப்புக் கேள்வி வந்ததே 2015-ல்தான். அப்போது கடைசி விடை "நிச்சயமில்லை". 3.2 சதவீதம் பேர் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். அதில் தன்னைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பவர் எத்தனை பேர், கேள்வியே புரியாதவர் எத்தனை பேர்? பிரிக்க வழியே இல்லை. 2021-ல் "இந்தக் கேள்வி என்ன கேட்கிறதென்று தெரியவில்லை" என்று தனி விடை வைத்தார்கள். 2023 தேசியத் தாளில் திருநர் பற்றித் தனிக் கேள்வியே வந்தது. முதலில் ஒரு வரி விளக்கம், பிறகு கேள்வி. 3.3 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்.

"இதையெல்லாம் கேட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்" என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அதே 2015 சர்வேயில், முந்தைய 12 மாதங்களில் தற்கொலைக்கு முயன்றதாகச் சொன்னவர்கள் எதிர்பாலீர்ப்பு மாணவர்களில் 6.4 சதவீதம். தன்பால், இருபாலீர்ப்பு மாணவர்களில் 29.4 சதவீதம். கேட்காமல் விட்டிருந்தால் அந்த 29.4 இல்லாமல் போயிருக்குமா? நமக்குத் தெரியாமல் போயிருக்கும், அவ்வளவுதான்.

"பசங்க விளையாட்டுக்கு டிக் பண்ணுவாங்களே?" பண்ணுவார்கள்தான். நம்பவே முடியாத விடைகளாக அடுக்கும் தாள்களைத் தனியே எடுத்து, அவை இல்லாமலும் ஒரு முறை கணக்குப் போட்டுப் பாருங்கள். சில பேர் கிண்டல் செய்கிறார்கள் என்பதற்காக நிஜமாகச் சொல்ல வந்தவன் வாயை ஏன் அடைக்க வேண்டும்?

அதனால் மக்களே, நம் தாளில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் வேண்டும். இரண்டிலும் "புரியவில்லை", "சொல்ல விருப்பமில்லை" கட்டங்கள் வேண்டும். பெயர் எழுதும் இடம் வேண்டாம். பக்கத்து பெஞ்சுக்காரன் எட்டிப் பார்க்காதபடி உட்கார வையுங்கள். பதினைந்து வயசுப் பிள்ளை முதல் முறையாக உண்மையைச் சொல்லும் இடம் இந்தத் தாளாகவே இருக்கலாம்.