மே ஹாங் சோன்: 1,864 வளைவுகளுக்கு அப்பால்



 தாய்லாந்து என்றவுடன் பாங்காக்கின் கடைவீதிகளும் பட்டாயாவின் கடற்கரையுமே அநேகருடைய நினைவுக்கு வரும். இம்மாதம் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவதோ அந்நாட்டின் வடமேற்கு மூலையில், பர்மாவை ஒட்டி, மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் மே ஹாங் சோன் என்னும் மாகாணத்திற்கு. தாய்லாந்திலேயே ஜனநெருக்கம் மிகக் குறைந்த மாகாணங்களில் இது ஒன்று. நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கிற்கு மேல் காடும் மலையும்தான்.

சியாங் மாய் நகரத்தின் பேருந்து நிலையத்தில் வேனில் ஏறினால், 1095-ஆம் எண் நெடுஞ்சாலை உங்களைப் பாய் என்னும் சிற்றூர் வழியாக மலைமேல் கொண்டுபோகும். தூரம் சுமார் 250 கிலோமீட்டர்தான். ஆனாலும் ஆறு மணி நேரம் ஆகும். மே சாரியாங் வழியாகச் சுற்றிவரும் மற்றொரு சாலையையும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 1,864 வளைவுகள் என்று அவ்வூரார் எண்ணி வைத்திருக்கிறார்கள். கடந்து வந்தவர்களுக்குச் சான்றிதழும் கொடுக்கிறார்கள்! கொடைக்கானல் பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போனவர்கள், இங்கே புறப்படுமுன் காலை உணவைக் குறைத்துக்கொள்ளுவது நல்லது. பாய் ஊரைத் தாண்டிப் பாங் மாபா வட்டாரத்தை அடையும்போது சுண்ணாம்புக்கல் மலைகளும் குகைகளும் தொடங்குகின்றன. அக்குகைகளில் பலவற்றில், முழு மரத்தைக் குடைந்து செய்த பழங்காலச் சவப்பெட்டிகள் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னும், சில அதற்கும் வெகுகாலம் முன்னும், அங்கே வாழ்ந்து மறைந்த ஜனங்களின் சுவடுகள் அவை.

1831-ஆம் ஆண்டில் சியாங் மாய் அரசர் காட்டு யானைகளைப் பிடித்துப் பழக்குவதற்காக ஆட்களை அனுப்பினார். அவர்கள் தங்கிய இடமே பிற்பாடு மே ஹாங் சோன் நகரமாயிற்று. நகரத்தில் பெரும்பான்மையோர் ஷான் இனத்தவர், பௌத்தர்கள். மலைகளில் கரேன், லாஹு, லீசு, ஹ்மொங், லாவா என்று பல ஜனங்கள், பல பாஷைகள். பள்ளத்தாக்கில் ஒரு பாஷையும் மேட்டில் வேறொரு பாஷையும் பேசப்படுவது அங்கே ஆச்சரியமல்ல.

தாய்லாந்து முழுவதிலும் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவரே. 1867-இல் சியாங் மாய்க்கு வந்த மிஷனெரி டேனியல் மெக்கில்வரியின் ஊழியத்தில் விசுவாசிகளான இருவர் 1869-இல் இரத்தசாட்சிகளாக மரித்தார்கள். மதச் சுதந்தரம் அளிக்கும் ஆணை 1878-இல்தான் பிறந்தது. பெந்தெகொஸ்தே ஊழியம் பின்லாந்து தேசத்து மிஷனெரிகளால் 1946-இல் தாய்லாந்தில் தொடங்கிற்று. சமவெளியின் தாய் மக்களிடையே விளைச்சல் இன்றுவரை கொஞ்சமே. ஆனால் மே ஹாங் சோன் மலைகளில், குறிப்பாகக் கரேன் மக்கள் நடுவில், முழுக் கிராமங்களும் ஆலயமணிக்கு எழும்புகின்றன. இது எப்படி?

அதற்குப் பர்மாவுக்குப் போகவேண்டும். கோ தா பியூ என்ற கரேன் மனிதன் கொள்ளைக்காரனாய் இருந்தவன். ஏறக்குறைய முப்பது கொலைகளில் தனக்குப் பங்கு உண்டென்று தானே அறிக்கை செய்தவன். கடனுக்கு அடிமையாயிருந்த அவனை அதோனிராம் ஜட்சனின் ஊழிய வட்டாரம் மீட்டெடுத்தது. எழுத்தறியாத அந்த முரடன் வாசிக்கக் கற்று, 1828-இல் தவோய் நகரில் ஞானஸ்நானம் பெற்றான். அன்றுமுதல் 1840-இல் மரிக்கும்வரை காடு மேடு என்று பாராமல் தன் ஜனத்தைத் தேடி நடந்தான். எழுத்தே இல்லாதிருந்த அவன் பாஷைக்கு மிஷனெரி ஜொனத்தான் வேட் பர்மிய எழுத்துகளைக்கொண்டு எழுத்து அமைத்தார். 1853-இல் முழு வேதாகமமும் அப்பாஷையில் வெளியாயிற்று. முன்னோர்கள் தொலைத்துவிட்ட ஒரு புத்தகம் என்றாவது திரும்பி வரும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருந்த ஜனத்துக்கு அது எப்படிப்பட்ட நாளாக இருந்திருக்கும்! பின்னர் பர்மியக் கரேன் விசுவாசிகளே எல்லை கடந்து வந்து தாய்லாந்து மலைகளில் சபைகளை நாட்டினார்கள். வெள்ளைக்காரரே எல்லாம் செய்தார்கள் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

பிரியமானவர்களே, இனிச் சொல்லப்போவது சற்று வருத்தமானது. மே ஹாங் சோன் செல்லும் பயணிகளில் அநேகர் அங்கே காணத் தேடுவது, கழுத்தில் பித்தளை வளையம் சுற்றிய கயான் பெண்களையே. வளையங்கள் கழுத்தை நீட்டுவதில்லை. அவற்றின் பாரம் காறையெலும்பைக் கீழே அழுத்துவதால் கழுத்து நீண்டதுபோலத் தோன்றுகிறது. இவர்கள் தாய்லாந்தின் பூர்வ குடிகளல்லர்; பர்மாவின் கயா மாநிலத்தில் நடந்த சண்டைக்குத் தப்பி 1980-களிலும் 1990-களிலும் ஓடி வந்தவர்கள். இவர்களைத் தனிக் கிராமங்களில் குடியேற்றி, பார்க்க வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் வியாபாரம் வளர்ந்தது. நியூசிலாந்தும் பின்லாந்தும் ஏற்றுக்கொள்ள முன்வந்த சில கயான் அகதிகளுக்கு வெளியேறும் அனுமதி கிடைக்கவில்லை என்று 2008-இல் ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம் பகிரங்கமாகக் குற்றஞ்சாட்டியது. இளம்பெண்களில் சிலர் வளையங்களைக் கழற்றிவிட்டார்கள். இவர்களில் கிறிஸ்தவர்கள் அநேகர் உண்டு. நம்முடைய சகோதரி ஒருத்தி தன் வீட்டு வாசலில் காட்சிப்பொருளாய் அமர்ந்திருக்க, நாம் கட்டணம் கட்டிப் படம் எடுத்து வருவதா? அவர்கள் நெய்த துணியே அந்த வீடுகளுக்கு வருமானம், ஆகையால் போகவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன். போனால், துணியை நியாயமான விலைக்கு வாங்குங்கள், உட்கார்ந்து பேசுங்கள், குழந்தைகளின் பெயரைக் கேளுங்கள், கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். என் எண்ணம் இது.

சுற்றுலாப் பயணிகள் காணாத வேறிடங்களும் உண்டு. பர்மாவின் போர்களுக்குத் தப்பினவர்களுக்காகத் தாய்லாந்து எல்லையில் ஒன்பது முகாம்கள் இருக்கின்றன. அவற்றில் நான்கு இந்த மாகாணத்தில். முதல் முகாம்கள் 1984-இல் எழும்பியவை. முகாமில் பிறந்து, முகாமில் விவாகமாகி, முகாமிலேயே பிள்ளை பெற்றவர்கள் அங்கே உண்டு. மூங்கிலும் இலைகளும் கொண்டு கட்டிய குடிசைகளில் தீப்பிடித்தால் என்னவாகும்? 2013 மார்ச் மாதம் மே சுரின் முகாமில் எழுந்த தீயில் முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். 2021 பிப்ரவரியில் பர்மாவில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் கயா மாநிலத்திலிருந்து புதிய கூட்டங்கள் மலையேறி வந்தன. 2025-இல் அமெரிக்க அரசின் உதவிப் பணம் நின்றதால் முகாம்களின் மருத்துவ நிலையங்கள் மூடப்பட்டன. உணவு உதவியும் குறைந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், முகாம்களில் பதிவு பெற்றவர்கள் வெளியே வேலைக்குச் செல்லலாம் என்று தாய்லாந்து அரசு தீர்மானித்தது. நாற்பது ஆண்டுகளாக அடைபட்ட கதவு கொஞ்சம் திறந்தது! ஆனால் வேலிக்கு வெளியே வாழ்ந்தறியாத வாலிபன் நகரத்து முதலாளியிடம் எப்படிக் கூலி பேசுவான்? ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நாம் இதை மற்றவர்களைவிட நன்றாய் அறிவோம்.

முகாம்களுக்கு வெளியே, மலைகளிலேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் வேறு உண்டு. பிறப்பைப் பதிவு செய்ய அலுவலகம் எட்டாத தூரத்தில் இருந்தது. எல்லைக் கோடு பாட்டன் காலத்தில் ஒரு பக்கமும் பேரன் காலத்தில் மறுபக்கமும் அர்த்தமாயிற்று. அட்டை இல்லாதவன் அனுமதியின்றித் தன் வட்டாரத்தை விட்டுப் போக முடியாது, மேற்படிப்பு கடினம், நல்ல வேலை அரிது. மும்பையிலோ டெல்லியிலோ ஒரு ரேஷன் அட்டைக்காகவும் முகவரிச் சான்றுக்காகவும் எத்தனை படிகள் ஏறி இறங்கினோம் என்று நினைத்துப் பாருங்கள். நமக்காவது குடியுரிமை இருந்தது. தாய்லாந்து முழுவதிலும் நிலையற்றிருந்த ஏறக்குறைய 4,80,000 பேரின் விண்ணப்பங்களை விரைவாக முடிக்க 2024 அக்டோபரில் அந்நாட்டு அமைச்சரவை சம்மதித்தது. அந்த விண்ணப்பங்கள் மாவட்ட அலுவலகங்களின் மேசைகளிலே தேங்கிவிடாதபடி ஜெபியுங்கள்.

இந்த மாகாணத்தைக் காண வாஞ்சையுள்ளவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் ஜனவரி வரை ஏற்ற காலம். அதிகாலையில் பள்ளத்தாக்குகளை மேகம் நிரப்பியிருக்கும், கம்பளி உடை அவசியம். நவம்பரில் குன் யுவாம் மலைச்சரிவு முழுவதும் மஞ்சள் காட்டுச் சூரியகாந்தி பூத்துக் கிடக்கும். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் புறப்படுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் சென்று கூட்டம் நடத்துவதும் கைப்பிரதி விநியோகிப்பதும் அங்குள்ள சபைகளுக்கு ஆபத்தை வருவிக்கும். ஊழியத்துக்கென்று தனி விசா உண்டு. உள்ளூர்ச் சபையின் ஆராதனையில் விருந்தினராய் அமர்ந்திருக்கத் தடையேதும் இல்லை. எல்லைப் பக்கத்து மக்களின் படங்களையும் பெயர்களையும் செல்பேசியில் பரப்பாதிருங்கள். பர்மாவுக்குள் இருக்கும் அவர்கள் உறவினருக்கு அது தீங்காகலாம்.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை பயணம் வைக்க வேண்டாம். காட்டுத் தீயாலும் வயல்களை எரிப்பதாலும் எழும்பும் புகை மலைகளுக்கிடையே வாரக்கணக்கில் தங்கிவிடும். எதிர்மலை கண்ணுக்குத் தெரியாது. பயணிகள் வராதிருக்கலாம். மலைச்சபைகளின் முதியோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் போக வேறிடமில்லை. அந்த மூன்று மாதங்களில் உங்கள் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் அவர்களுடைய சுவாசத்தையும், மழை சீக்கிரம் இறங்குவதையும் குறித்து மன்றாடுங்கள்.